கடைசி ஓவரின் கணக்கு

கரிசல் மைதானம் – 12

அறுவடை முடிந்த கரிசல் காட்டில் பிட்ச் போடுவதைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். இந்த வாரம் அதே மைதானத்தின் பரிசளிப்பு மேசைக்கு வருகிறேன்.

திருமங்கலத்தைச் சுற்றி கள்ளிக்குடி, பேரையூர், டி.கல்லுப்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் பொங்கலை ஒட்டியோ, கோயில் திருவிழாவை ஒட்டியோ ஒரு டென்னிஸ் பந்துப் போட்டி நடக்கும். ஆறு ஓவர், எட்டு ஓவர் ஆட்டங்கள். ஒரு பவுலருக்கு இரண்டு ஓவர். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்போது இறுதி ஆட்டம் முடிந்து, மைக் செட்டுக்குப் பக்கத்தில் மேசையைப் போட்டுக் கோப்பைகளை அடுக்குவார்கள். முதல் பரிசு, இரண்டாம் பரிசு ரொக்கம் எல்லாம் ஃபிளெக்ஸில் முன்பே அச்சாகியிருக்கும். அதில் சண்டை வராது. தொடர் நாயகன் கோப்பையிலும் பெரிதாகப் பேச்சு எழாது. பேச்சு எழுவது 'சிறந்த பந்துவீச்சாளர்' கோப்பையில்தான்.

ஸ்கோர் நோட்டைப் புரட்டுவார்கள். யார் எத்தனை விக்கெட் என்று எண்ணுவார்கள். ஒன்பது எடுத்தவனுக்குக் கோப்பை. அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல் வரும். "அண்ணே, செமி ஃபைனல்ல கடைசி ஓவர்ல எட்டு ரன்ன அடிக்க விடாம நிறுத்துனது யாரு? அவன் இல்லன்னா இந்த டீம் ஃபைனலுக்கே வந்திருக்காதுல்ல?" மைக்கில் பேசுபவர், "விக்கெட்டு யாரு கூட எடுத்திருக்காங்களோ அவங்களுக்குத்தான் தம்பி, ரூல்ஸ் அப்படி" என்று முடித்துவிடுவார்.

கூட்டத்திலிருந்து வந்த அந்தக் குரல் சொல்வதுதான் நியாயம் என்று நான் நம்புகிறேன். ஏன் என்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த வழக்கு கள்ளிக்குடியில் மட்டும் நடப்பதில்லை. சிட்னியிலும் புனேயிலும் நடந்திருக்கிறது. கிரிக்கெட்டே தெரியாத அமெரிக்காவின் பேஸ்பால் உலகத்தில் ஐம்பது ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது.

முதலில் நம்ம ஆள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜன். இருபது வயதுவரை டென்னிஸ் பந்திலேயே ஆடியவர். அவருடைய யார்க்கர் அகாடமியில் கற்றது இல்லை. டென்னிஸ் பந்து ஆட்டம் கற்றுக்கொடுத்தது. எடை குறைந்த பந்தை, சின்ன மைதானத்தில், முதல் பந்திலிருந்தே தூக்கி அடிக்க நிற்கும் ஆட்களுக்குப் போடும்போது தப்பிக்க ஒரே இடம்தான் உண்டு: மட்டைக்கும் பாதத்துக்கும் நடுவே உள்ள அரை அடி. அங்கே பந்தை இறக்கத் தெரியாதவன் கடைசி ஓவர் கேட்டுக் கை நீட்ட மாட்டான்.

2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியது. அந்த முதல் ஆண்டில் திண்டுக்கல் டிராகன்ஸுக்கு ஆடிய நடராஜன், தூத்துக்குடி அணிக்கு எதிரான சூப்பர் ஓவரில் ஆறு பந்துகளையும் யார்க்கராகவே போட்டார். அடுத்த ஆண்டு ஐபிஎல் ஏலத்தில் பத்து லட்சம் அடிப்படை விலையில் நின்றவரைப் பஞ்சாப் அணி மூன்று கோடிக்கு எடுத்தது. அவர் வாழ்க்கையைத் திருப்பிப்போட்டதில் அந்த ஆறு பந்துகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் சூப்பர் ஓவரில் வீசிய பந்துகள் பவுலரின் கணக்கில் சேராது என்பது விதி. அவருடைய டி20 புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் அந்த ஆறு பந்துகளுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. விக்கெட்டை எண்ணிக் கோப்பை கொடுக்கும் முறையில் எதெல்லாம் விடுபட்டுப் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

2020 ஐபிஎல்லில் ஹைதராபாத் அணிக்காக 16 ஆட்டங்களில் 16 விக்கெட். அபுதாபியில் நவம்பர் 6 அன்று நடந்த எலிமினேட்டரில் அரைசதம் கடந்து நின்ற டி வில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்த யார்க்கரை இன்றும் யாரும் மறக்கவில்லை. அந்தத் தொடரிலேயே அதிக யார்க்கர் வீசியவர் அவர்தான். ஊதாத் தொப்பியோ 30 விக்கெட் எடுத்த ரபாடாவுக்குப் போனது. ரபாடா அதற்குத் தகுதியானவரே, அவரும் கடைசி ஓவர்கள் வீசியவர்தான். ஆனால் ஊதாத் தொப்பியின் பட்டியலில் நடராஜனைத் தேடினால் கீழே வெகுதூரம் இறங்க வேண்டும். அந்த ஆண்டு அவர் செய்த வேலை அவ்வளவு கீழே இருந்ததா?

ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 6, சிட்னி. ஆஸ்திரேலியாவுடன் இரண்டாவது டி20. ஆஸ்திரேலியா 194 ரன் குவித்தது. சாஹலின் நான்கு ஓவரில் 51, தீபக் சாஹரின் நான்கு ஓவரில் 48. நடராஜனின் நான்கு ஓவரில் 20 ரன், 2 விக்கெட். ஒரே பிட்ச், ஒரே எதிரணி, ஒரே இரவு. பிறகு இந்தியா துரத்தியபோது ஹர்திக் பாண்டியா 22 பந்தில் 42 அடித்து இரண்டு பந்து மீதமிருக்க ஆட்டத்தை முடித்தார். ஆட்ட நாயகன் விருதும் அவருக்கே. விருதை வாங்கிய கையோடு ஹர்திக், நடராஜனுக்குத்தான் இது கிடைக்கும் என்று நினைத்திருந்ததாகச் சொன்னார். தொடர் முடிந்ததும் தன்னுடைய தொடர் நாயகன் கோப்பையைக் கொண்டுபோய் நடராஜன் கையில் கொடுத்தார். அந்த ஆட்டத்தில் எது கடினமான வேலையாக இருந்தது என்று நடுவில் நின்று விளையாடியவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் நடுவர் குழு செய்த முடிவை அவர் தன் கையாலேயே திருத்தினார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்த சாட்சி இன்னும் வலுவானது. 2021 மார்ச் 28, புனே. இங்கிலாந்துடனான ஒருநாள் தொடரின் முடிவை நிர்ணயிக்கும் மூன்றாவது ஆட்டம். 330 இலக்கு. சாம் கரன் ஒற்றை ஆளாக ஆட்டத்தை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். கடைசி ஓவரில் 14 ரன் தேவை, பந்து நடராஜனிடம். அவர் விட்டுக்கொடுத்தது ஆறு. இந்தியா ஏழு ரன்னில் வென்று தொடரைக் கைப்பற்றியது. ஆட்ட நாயகன் யார்? 95 ரன்னுடன் ஆட்டமிழக்காமல் தோற்றுப்போன சாம் கரன். தொடர் நாயகன் ஜானி பேர்ஸ்டோ, அவரும் தோற்ற அணிக்காரர். நான்கு விக்கெட் எடுத்து முப்பது ரன்னும் அடித்த ஷர்துலுக்கு ஆட்ட நாயகன் கிடைக்காததும், புவனேஸ்வருக்குத் தொடர் நாயகன் கிடைக்காததும் ஆச்சரியமாக இருக்கிறது என்று கேப்டன் கோலி மேடையிலேயே சொன்னார். கரன் ஆடிய ஆட்டம் அபாரம், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த அபாரமான ஆட்டத்துக்குக் குறுக்கே நின்று ஆறு பந்தில் வழி மறித்தவனின் பெயரை அன்று விருது மேடையில் யாரும் எடுக்கவில்லை. கோலியின் வாயிலிருந்து வந்த இரண்டு பெயர்களிலும் அது இல்லை.

இப்போது கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போவோம்.

பேஸ்பாலில் பந்து வீசுபவர் பிட்சர். ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் மூன்று பேரை அவுட் ஆக்க வேண்டும். ஆட்டத்தைத் தொடங்கி ஐந்து, ஆறு இன்னிங்ஸ் வரை வீசுபவர் ஸ்டார்ட்டர். அவர் களைத்ததும் வருபவர் ரிலீவர். அதிலும் கடைசி இன்னிங்ஸில் முன்னிலையைக் காப்பாற்ற வருபவரை க்ளோசர் என்பார்கள். ஸ்டார்ட்டர் ஐந்து நாளுக்கு ஒருமுறை வந்து நீண்ட நேரம் வீசுவார். க்ளோசர் வாரத்தில் மூன்று நான்கு நாள் வந்து பதினைந்து, இருபது பந்தோடு போய்விடுவார்.

அங்கே பிட்சர்களுக்கான உச்ச விருது சை யங் என்ற பழைய வீரரின் பெயரில் இருக்கிறது. அவர் 511 வெற்றிகளைக் குவித்தவர். தொடங்கிய 815 ஆட்டங்களில் 749-ஐத் தானே கடைசிவரை வீசி முடித்தவர். 1955-ல் அவர் மறைந்தார். மறு ஆண்டு விருது உருவானது. அந்தப் பெயரே விருதுக்கு ஒரு சாய்வைக் கொடுத்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. தான் தொடங்கியதைத் தானே முடிக்கிற உழைப்பாளிக்கான விருது அது. இடையில் வந்து முடித்துக்கொடுப்பவனுக்கு அந்தப் படத்தில் இடமே இல்லை.

ஆனாலும் ஒன்பது ரிலீவர்கள் அதை வாங்கியிருக்கிறார்கள். முதலாவது 1974-ல் மைக் மார்ஷல். ஒரே பருவத்தில் 106 ஆட்டங்களில் இறங்கி 208 இன்னிங்ஸுக்கு மேல் வீசினார். அதாவது ரிலீவராக வந்து ஸ்டார்ட்டர் அளவுக்கு உழைத்தார். 1984-ல் வில்லி எர்னாண்டஸும் 1992-ல் டென்னிஸ் எக்கர்ஸ்லியும் லீகின் மிக மதிப்புமிக்க வீரர் விருதையும் சேர்த்தே வாங்கினார்கள். கடைசியாக 2003-ல் எரிக் கான்யே: காப்பாற்ற வேண்டிய 55 ஆட்டங்களில் 55-ஐயும் காப்பாற்றினார். அதற்குப் பிறகு ஒரு ரிலீவருக்கும் கிடைக்கவில்லை. 652 ஆட்டங்களைக் காப்பாற்றி இன்றும் உலக சாதனை வைத்திருக்கும் மரியானோ ரிவேராவுக்கே வாழ்நாளில் ஒருமுறைகூட அந்த விருது இல்லை. 2019-ல் பேஸ்பால் புகழ்மன்றத்துக்கு வாக்களித்த ஒருவர்கூட விடாமல் அத்தனை பேரும் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பெருமை அவருக்கு முன் யாருக்கும் வாய்க்கவில்லை. இருந்தும் ஓராண்டின் சிறந்த பிட்சர் என்று ஒருமுறைகூட அவரைச் சொல்ல மனம் வரவில்லை.

2016-ல் இந்த வாதம் உச்சத்துக்குப் போனது. பால்டிமோர் அணியின் ஸாக் பிரிட்டன் 47 வாய்ப்புகளில் 47-ஐயும் காப்பாற்றினார். 67 இன்னிங்ஸில் அவர் கணக்கில் எழுதப்பட்ட ரன் நான்கே நான்கு. ஒவ்வொரு பந்தும் தன் அணியின் வெற்றி வாய்ப்பை எவ்வளவு கூட்டியது, குறைத்தது என்று கணக்கிடும் ஒரு முறை அங்கே உண்டு. அந்தக் கணக்கில் அந்த ஆண்டு அமெரிக்கன் லீகின் பிட்சர்களில் முதலிடம் அவருக்கே. வாக்கெடுப்பில் வந்ததோ நான்காவது இடம். விருது 22 வெற்றிகளோடு 223 இன்னிங்ஸ் வீசிய ஸ்டார்ட்டர் ரிக் போர்செல்லோவுக்குப் போனது.

விக்கெட் எண்ணும் நம் மைக்காரரைக் குறை சொல்லிவிட்டு அமெரிக்க வாக்காளர்களை ஆதரிப்பது முரணாகத் தெரியலாம். ஆனால் பிரிட்டன் விஷயத்தில் வாக்காளர்கள் செய்தது முழுத் தவறில்லை என்பதே என் எண்ணம். 223-க்கும் 67-க்கும் உள்ள இடைவெளி சின்னதில்லை. போர்செல்லோ வீசிய ஒவ்வொரு நாளும் அவருடைய அணியின் மற்ற பிட்சர்களுக்கு ஓய்வு கிடைத்தது. பருவம் முழுக்க 162 ஆட்டம் ஆட வேண்டிய விளையாட்டில் அந்த உழைப்புக்கு விலை உண்டு. ஸ்டார்ட்டரின் வழக்கு முழுவதும் ஒரே தூணில் நிற்கிறது: நான் அவனைவிட மூன்று மடங்கு வீசினேன்.

அந்தத் தூண் நம் ஆட்டத்தில் கிடையாது. டி20-யில் யாராக இருந்தாலும் நான்கு ஓவர், 24 பந்து. கள்ளிக்குடியில் யாராக இருந்தாலும் இரண்டு ஓவர், 12 பந்து. முதல் ஓவர் போடுபவனும் கடைசி ஓவர் போடுபவனும் ஒரே அளவு தான் உழைக்க முடியும். விதியே அளவைச் சமமாக்கிவிட்டது. அப்படியானால் மிச்சமிருக்கும் கேள்வி ஒன்றே: எந்தப் பந்து போடுவதற்குக் கடினம்? பேஸ்பாலில் ரிலீவரின் கோரிக்கைக்கு எதிராக நிற்கும் மிகப் பெரிய நியாயம் நம்மிடம் வரும்போது கரைந்துபோகிறது. ஆகவே அமெரிக்காவில் ஒரு க்ளோசருக்கு உச்ச விருது கேட்பதைவிட இங்கே ஒரு கடைசி ஓவர் பவுலருக்குக் கேட்பது பல மடங்கு நியாயமானது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சென்னை ரசிகர்கள் அனைவருக்கும் தெரிந்த மறுப்பு. 2011 மே 28, சேப்பாக்கம், ஐபிஎல் இறுதி ஆட்டம். முரளி விஜய் 95 அடிக்க, சென்னை 205. பெங்களூரின் நம்பிக்கை முழுவதும் கிறிஸ் கெயில். முதல் ஓவரையே அஸ்வினிடம் கொடுத்தார் தோனி. நான்காவது பந்தில் கெயில் பூஜ்யத்தில் அவுட். ஆட்டம் அங்கேயே முடிந்தது. மிச்சப் பத்தொன்பது ஓவரும் சடங்கு. புதுப்பந்துக்காரனின் வேலையும் லேசில்லை. முதல் ஆறு ஓவரில் வட்டத்துக்கு வெளியே இரண்டு ஃபீல்டர்தான் நிற்கலாம். தூக்கி அடித்தால் பிடிக்க ஆள் கிடையாது. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கவனியுங்கள். அஸ்வின் எடுத்த அந்த விக்கெட் பட்டியலில் ஏறிவிட்டது. அன்று அவர் கணக்கு 16 ரன்னுக்கு 3 விக்கெட். முதல் ஓவர்க்காரனின் வெற்றி விக்கெட் வடிவத்தில் வருகிறது, அதை எண்ணத் தெரிந்தவர்கள் எண்ணிவிடுகிறார்கள். கடைசி ஓவர்க்காரனின் வெற்றி பெரும்பாலும் நடக்காமல் போன ஒன்றின் வடிவத்தில் வருகிறது: போகாத சிக்ஸர், எடுக்கப்படாத எட்டு ரன். நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை. நம்முடைய ஊர் ஆட்டங்களில் வட்டக் கட்டுப்பாடும் பெரும்பாலும் கிடையாது. ஆகையால் புதுப்பந்துக்காரனின் சுமையும் இங்கே குறைவு.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. டி20-யில் கடைசி ஓவர்களில் விக்கெட் மலிவு. எல்லோரும் தூக்கி அடிக்கிறார்கள், எல்லையில் பிடிபடுகிறார்கள். 2013-ல் பிராவோ 32 விக்கெட், 2021-ல் ஹர்ஷல் படேல் 32 விக்கெட் எடுத்து ஊதாத் தொப்பி வாங்கியதற்கு அவர்கள் கடைசியில் வீசியதும் ஒரு காரணம். விக்கெட்டை எண்ணும் முறை கடைசி ஓவர்க்காரனுக்கும் சிலசமயம் உதவத்தான் செய்கிறது, ஆனால் தவறான காரணத்துக்காக. வைடாகப் போட்டு மூன்று பவுண்டரி கொடுத்து, நான்காவதில் கேட்ச் வாங்கியவன் பட்டியலில் முன்னேறுகிறான். ஆறு யார்க்கர் போட்டு நான்கு ரன்னோடு முடித்தவன் நின்ற இடத்திலேயே நிற்கிறான்.

இந்த எண்ணும் பழக்கம் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து வந்தது. அங்கே இருபது விக்கெட் எடுக்காமல் பொதுவாக வெல்ல முடியாது. அதனால் விக்கெட்டே நாணயம். ஆறு ஓவர் ஆட்டத்தில் எந்த அணி பத்து விக்கெட்டையும் இழக்கிறது? முப்பத்தாறு பந்துக்குப் பத்து பேர் கையில் இருக்கும்போது ஒரு ஆள் போனால் அடுத்தவன் வந்து அதே வேகத்தில் அடிப்பான். ஆட்டம் சுருங்கச் சுருங்க விக்கெட்டின் மதிப்பு இறங்கும், ரன்னின் மதிப்பு ஏறும். ஐந்து நாள் ஆட்டத்தின் அளவுகோலை ஒரு மணி நேர ஆட்டத்துக்கு வைத்து அளக்கிறோம்.

ஏலச் சந்தைக்கு இது எப்போதோ புரிந்துவிட்டது. நம் மதுரை அணியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018-ல் மதுரை பேந்தர்ஸ் டிஎன்பிஎல் கோப்பையை வென்றது. அந்த அணியில் கட்டடக் கலை படித்துவிட்டு வந்த சுழற்பந்து வீச்சாளர் வருண் சக்கரவர்த்தி. தொடர் முழுவதும் அவர் எடுத்தது ஒன்பது விக்கெட்டுகள்தான். விக்கெட் பட்டியலை மட்டும் பார்ப்பவர் அந்தப் பெயரைத் தாண்டிப் போயிருப்பார். ஆனால் ஓவருக்கு ஐந்து ரன்கூட அவர் கொடுக்கவில்லை. அந்த டிசம்பர் ஏலத்தில் இருபது லட்சம் அடிப்படை விலையிலிருந்து எட்டு கோடியே நாற்பது லட்சம்வரை போனார். பணம் போடுகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதற்கு வேறென்ன வேண்டும்? கோப்பை கொடுப்பவர்கள் மட்டும்தான் இன்னும் விக்கெட்டை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசி ஓவர் பவுலரின் மதிப்பு கேப்டனின் கையிலும் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் என் வாதம் குறைபட்டதாகிவிடும். பிரிட்டன் கதைக்குத் திரும்புகிறேன், அதன் முடிவு கொடுமையானது. அந்த 2016 அக்டோபர் 4 அன்று, டொராண்டோவில் பால்டிமோருக்கு ஒரே ஆட்டம், தோற்றால் வீடு. ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் சமம். பத்தாவது போனது, பதினொன்றாவது வந்தது. முன்னிலை கிடைக்கட்டும், அதைக் காப்பாற்ற பிரிட்டனை இறக்கலாம் என்று மேலாளர் பக் ஷோவால்ட்டர் காத்திருந்தார். முன்னிலை கிடைக்கவேயில்லை. வேறொருவர் வீசிய பந்தை டொராண்டோ அணியின் என்கார்னசியோன் மைதானத்துக்கு வெளியே அனுப்பி ஆட்டத்தை முடித்தார். அந்த ஆண்டு முழுவதும் யாராலும் அடிக்க முடியாத பிட்சர் ஒரு பந்துகூடப் போடாமல் பருவத்தை முடித்துக்கொண்டார். கடைசிக்காக வைத்திருந்த ஆள் கடைசிவரை வரவேயில்லை.

இதே தவறை நம் ஊர்க் கேப்டன்களும் செய்கிறார்கள். "அவன் கடைசி ஓவருக்கு இருக்கட்டும்டா" என்று நல்ல பவுலரைப் பொத்தி வைப்பார்கள். நாலாவது ஓவரில் இருபத்தைந்து ரன் போய்விடும். ஆறாவது ஓவருக்கு நாலு ரன் மிச்சம் இருக்கும்; பந்தை வாங்கியவன் பிரம்மாவாக இருந்தாலும் என்ன செய்ய முடியும்?

சரியாகச் செய்தவர் ரோகித் சர்மா. 2024 ஜூன் 29, பார்படாஸ், டி20 உலகக் கோப்பை இறுதி. அக்சர் வீசிய 15-வது ஓவரில் 24 ரன். தென்னாப்பிரிக்காவுக்கு முப்பது பந்தில் முப்பது ரன் போதும், கிளாசென் நெருப்பாக நிற்கிறார். பும்ராவைக் கடைசி ஓவருக்கு என்று ரோகித் பொத்தி வைக்கவில்லை. 16-வது ஓவரையே கொடுத்தார்: நான்கு ரன். அடுத்த ஓவரின் முதல் பந்திலேயே கிளாசெனை ஹர்திக் வெளியேற்றினார். 18-வது ஓவர் மறுபடி பும்ரா: இரண்டு ரன், யான்சன் போல்டு. அத்தோடு அவருடைய ஓவர்கள் தீர்ந்தன. 19-வதில் அர்ஷ்தீப் நான்கே ரன் கொடுத்தார். கடைசி ஓவர் வந்தபோது எதிரணிக்கு 16 தேவை, பந்து ஹர்திக் கையில், முதல் பந்தில் மில்லரை எல்லைக் கோட்டில் சூர்யகுமார் பிடித்தார். ஏழு ரன் வெற்றி. ஆட்டத்தின் கடைசி ஓவர் எது என்பதைக் கடிகாரம் சொல்லாது. எங்கே ஆட்டம் உடையப் போகிறதோ அதுதான் கடைசி ஓவர். பும்ராவுக்கு அது 16-வது ஓவர்.

அன்று ஆட்ட நாயகன் 76 ரன் அடித்த கோலி. ஆனால் தொடர் நாயகன் விருது பும்ராவுக்கு வந்தது. அதிக விக்கெட் எடுத்தவர் அவர் இல்லை. அர்ஷ்தீப்பும் ஆப்கானிஸ்தானின் ஃபாரூக்கியும் ஆளுக்கு 17, பும்ரா 15. ஆனால் தொடர் முழுவதும் ஓவருக்கு 4.17 ரன் மட்டுமே கொடுத்தார், அதுவும் மற்றவர்கள் வாங்கத் தயங்கும் ஓவர்களில். அந்த விருதுக் குழு நோட்டில் உள்ள விக்கெட் கட்டத்தைத் தாண்டிப் பார்த்தது. முடியாத காரியம் இல்லை என்பதற்கு அது போதும்.

மறுபுறம், கடைசிப் பந்தின் பரபரப்பில் மயங்கிவிடவும் கூடாது. 2019 ஐபிஎல் இறுதியில் மலிங்கா கடைசிப் பந்தில் ஷர்துலை வீழ்த்தி மும்பைக்கு ஒரு ரன்னில் கோப்பை வாங்கித் தந்த காட்சி நம் ஊரில் பலருக்கு இன்னும் ஆறாத காயம். ஆனால் அதற்கு முன் மூன்று ஓவரில் அவர் 42 ரன் கொடுத்திருந்தார். அன்று ஆட்ட நாயகன் விருது நான்கு ஓவரில் 14 ரன் கொடுத்து இரண்டு விக்கெட் எடுத்த பும்ராவுக்குப் போனதுதான் சரி. கடைசி ஓவரை வீசினான் என்பதற்காகவே கோப்பை கேட்கவில்லை நான். அவன் வீசிய ஒவ்வொரு ஓவருக்கும் உரிய எடையைப் போட்டுப் பாருங்கள் என்கிறேன்.

எப்படிப் போடுவது? கணினி எதுவும் தேவையில்லை. ஸ்கோர் நோட்டு போதும். ஒவ்வொரு ஆட்டத்திலும் எந்த ஓவரில் எத்தனை ரன் போனது என்பது அதில் ஏற்கெனவே இருக்கிறது. லீக் ஆட்டங்கள் முடிந்ததும் உட்கார்ந்து கூட்டுங்கள். அந்தத் தொடரில் முதல் ஓவர்களில் சராசரியாக ஏழு ரன் போயிருக்கிறது, ஆறாவது ஓவர்களில் பதின்மூன்று போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஓவரில் ஐந்து கொடுத்தவன் இரண்டு ரன் மிச்சம் பிடித்தான். ஆறாவது ஓவரில் அதே ஐந்து கொடுத்தவன் எட்டு ரன் மிச்சம் பிடித்தான். ஒவ்வொரு பவுலருக்கும் இந்த மிச்சத்தைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். அதிகம் கொடுத்திருந்தால் கழியுங்கள். விக்கெட்டுக்கும் ஒரு மதிப்பு வையுங்கள், ஆறு ஓவர் ஆட்டத்தில் ஒரு விக்கெட்டுக்கு மூன்று ரன் என்று போட்டிக் குழு கூடி முடிவு செய்துகொள்ளலாம். முதல் ஓவரில் எதிரணியின் கெயிலை வீழ்த்துபவனுக்கும் அதில் நியாயம் கிடைக்கும். கணக்குத் தெரிந்த ஒரு பையன் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவான்.

"அதுக்குத் தனியா ஒரு கோப்பை வச்சிடலாமே, சிறந்த கடைசி ஓவர் பவுலர்னு?" என்று ஒரு போட்டி அமைப்பாளர் என்னிடம் கேட்டார். நல்லெண்ணத்தில் கேட்டதுதான். அமெரிக்கர்களும் 2014 முதல் ரிலீவர்களுக்கென்று ரிவேரா, ஹாஃப்மன் பெயர்களில் தனி விருதுகள் கொடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தனிக் கோப்பை வைத்தால் பெரிய கோப்பைக்கான வரிசையிலிருந்து அவனைக் கௌரவமாக விலக்கிவிட்டோம் என்றுதான் பொருள். சின்னக் கோப்பையைக் கையில் கொடுத்து, உனக்குரியது இதுதான் என்று சொல்வதாக ஆகும். கோப்பை ஒன்றே இருக்கட்டும், கணக்கை மாற்றுங்கள்.

பொங்கல் போட்டிகளுக்கு ஃபிளெக்ஸ் அடிக்கும் வேலை திருமங்கலம் வட்டாரத்தில் மார்கழியிலேயே தொடங்கிவிடும். 'சிறந்த பந்துவீச்சாளர்' என்ற வரிக்குக் கீழே, அதை எந்தக் கணக்கில் கொடுக்கப்போகிறோம் என்று இன்னொரு வரி சேர்த்து அச்சடித்துவிட்டால், முதல் நாள் முதல் ஆட்டத்திலிருந்தே கடைசி ஓவரைக் கேட்டு வாங்கப் பையன்கள் முன்வருவார்கள். அந்தக் கணக்கை எழுதுகிறவரைப் பற்றி, வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு ஆட்டம் முழுவதையும் நோட்டில் ஏற்றும் ஸ்கோரரைப் பற்றி அடுத்த வாரம்.